இரு பெரும் கட்சிகளுக்கு நடுவே நம் சமுதாயம்

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் சங்கம் பொன்விழாக் காணும் இந்த வேளையில், ஐம்பது ஆண்டுகளில் நாம் கட்டியதையும் நடத்தியதையும் பற்றிப் பெரியவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி. ஒவ்வொரு பொதுத்தேர்தல் முடிந்ததும் சாப்பாட்டுக் கடையிலும், கல்யாண வீட்டிலும், சூராவ் வாசலிலும் நம்மவர்கள் கேட்கும் கேள்விதான் அது: “நம்ம சமுதாயத்துக்குன்னு பேச யார் இருக்கா?”

எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயம், இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆளும் இடத்தில் தன் பேச்சை எப்படிக் கேட்க வைத்தது? எப்போது அந்தப் பேச்சு எடுபடாமல் போனது? நம் தாத்தாமார்கள் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும், பக்கத்து இலங்கையிலும், நாம் வாழும் இந்த மலேசியாவிலும் இதற்கு விடை சொல்லும் வரலாறு உண்டு.

28 இடமும் 3 இடமும்

1946-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம்களுக்கென்று தனித்தொகுதிகள் இருந்தன. முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்து முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 28 இடங்களையும் முஸ்லிம் லீக் வென்றது. காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் (ரஹ்) எதிர்க்கட்சித் தலைவரானார். பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் 215 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்கு 163 பேர். லீக் ஆதரித்தாலும் எதிர்த்தாலும் எந்த மசோதாவின் தலைவிதியும் மாறப் போவதில்லை. மரியாதை இருந்தது, பேரம் பேசும் பலம் இல்லை.

நாடு பிரிந்த பிறகு நிலைமை இன்னும் கடினமானது. லீக்கைக் கலைத்துவிடுங்கள் என்று நெருக்குதல் வந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டம், கலைக்க வேண்டாம், இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் தொடர்வோம் என்று முடிவு செய்தது. அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்று வாதாடினார். 1949 மே மாதம் சபை அதை நிராகரித்தது. அதே ஆண்டு, தமிழை நாட்டின் ஆட்சிமொழியாக்கலாம் என்று அதே சபையில் எழுந்து பேசியவரும் அவர்தான்.

1956 நவம்பர் 1-இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தன. லீக்கின் பலம் குவிந்திருந்த மலபார், கேரளத்தோடு போய்விட்டது. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வாழ்பவர்கள்: கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், மேலப்பாளையம், ஆம்பூர், வாணியம்பாடி. 2011 மக்கள்தொகைக் கணக்கில்கூட மாநிலத்தில் 5.86 விழுக்காடுதான். அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவரே வெல்லும் தேர்தல் முறையில், இப்படிச் சிதறி வாழும் சமுதாயம் தனியாக நின்றால் ஒரு தொகுதியிலும் முதலிடம் வருவது கடினம். இரண்டாம் இடத்துக்குப் பரிசு கிடையாது.

அப்படிப்பட்ட நிலையில்தான் 1967 வந்தது. அறிஞர் அண்ணா காங்கிரசுக்கு எதிராக ஓர் அணி சேர்த்தார். தி.மு.க., சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், சோசலிஸ்டுகள், முஸ்லிம் லீக் எல்லாம் அதில் இருந்தன. தேர்தல் கணக்கைப் பாருங்கள்: காங்கிரஸ் வாங்கியது ஏறத்தாழ 41 விழுக்காடு. தி.மு.க. வாங்கியதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் காங்கிரஸ் ஐம்பது இடங்களளவில் நின்றுவிட்டது, தி.மு.க. 234 இடங்களில் தனிப் பெரும்பான்மை பெற்றது. 174 தொகுதிகளில் மட்டும் நின்று, மற்றதைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்து, அவர்களுடைய ஓட்டைத் தன் பக்கம் சேர்த்ததால் வந்த வெற்றி அது.

அந்த அணியில் முஸ்லிம் லீக் வென்றது வெறும் 3 இடங்கள். 1946-இல் 28 இடம் வைத்திருந்தும் ஆகாத காரியம், 1967-இல் 3 இடத்தோடு ஆயிற்று: ஓர் ஆட்சியை மாற்றியவர்களில் ஒருவராக லீக் இருந்தது.

கடை நடத்துகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். தராசின் ஒரு தட்டில் நூறு கிலோவும் மறு தட்டில் இருபது கிலோவும் இருந்தால், கையில் இருக்கும் ஐந்து கிலோ கல்லை எந்தப் பக்கம் வைத்தாலும் முள் அசையாது. இரு தட்டும் சமமாக நிற்கும்போது அதே ஐந்து கிலோதான் முடிவு செய்யும். சிறிய இயக்கத்தின் செல்வாக்கு அதன் சொந்த எடையை மட்டும் பொறுத்தது அல்ல. மற்ற இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது.

பெயரும் சட்டமும்

1972 தமிழ்நாட்டு அரசியலில் திருப்பமான ஆண்டு. ஏப்ரல் 5 அன்று காயிதே மில்லத் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அதிலிருந்து தி.மு.க., அ.தி.மு.க. என்ற இரு கட்சிகளே மாறி மாறி ஆண்டன. சிறிய கட்சிகளுக்கு மதிப்பு கூட வேண்டிய காலம் அது. ஆனால் எல்லாரையும் ஒன்றாக வைத்திருந்த தலைவரோ அப்போது இல்லை. லீக்குக்குள் பிளவுகள் வந்தன. 1990-களில் இந்திய தேசிய லீக் என்ற வேறு கட்சியும் பிறந்தது.

பெரிய கட்சிகள் நன்றிக்கடனை எப்படிச் செலுத்தும் என்பதையும் இந்தக் காலத்தில் பார்க்கலாம். 1991-இல் நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் உருவானபோது அதற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் மகிழ்ந்தார்கள். 1997-இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் அரசு நீக்கியபோது அந்தப் பெயரும் போய்விட்டது. பெயர் சூட்டுவதற்குப் பெரிய செலவில்லை. எடுப்பதற்கும் ஓர் அரசாணை போதும்.

2007-இல் கிடைத்தது வேறு வகை. 1995-இல் தொடங்கிய தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் அப்போது தேர்தலில் நிற்கும் கட்சி அல்ல. கல்வியிலும் அரசு வேலையிலும் முஸ்லிம்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2006 தேர்தலில் தி.மு.க. அணியை ஆதரித்தது. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96 இடங்கள். தனிப் பெரும்பான்மை இல்லை. தோழமைக் கட்சிகளின் தயவில் நடந்த ஆட்சி அது. 2007 செப்டம்பரில், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கி அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது சட்டமாயிற்று. ஆட்சிகள் மாறின. அந்தச் சட்டம் நின்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஒதுக்கீட்டில்தான் பொறியியல் கல்லூரிக்கும் ஆசிரியர் பணிக்கும் போயிருக்கிறார்கள்.

எதைக் கேட்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு கோரிக்கை, தெளிவான கோரிக்கை, எழுத்தில் வரும் கோரிக்கை, அதுவும் பெரிய கட்சிக்கு நம் தயவு தேவைப்படும் நேரத்தில்.

யாருடைய சின்னம்?

கூட்டணிக்குப் போகும் சிறிய கட்சிக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. தன் சின்னத்தில் நிற்பதா, பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பதா?

2021 தமிழ்நாட்டுத் தேர்தலில் முஸ்லிம் லீக் தன் ஏணிச் சின்னத்தில் கடையநல்லூர், சிதம்பரம், வாணியம்பாடி ஆகிய 3 தொகுதிகளில் நின்றது, மூன்றிலும் தோற்றது. அதே அணியில் மனிதநேய மக்கள் கட்சி, தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் பாபநாசம், மணப்பாறை ஆகிய 2 தொகுதிகளில் நின்றது, இரண்டிலும் வென்றது. கடன் வாங்கிய சின்னம் ஜெயிக்க வைக்கிறது. ஆனால் அந்தச் சின்னத்தில் வென்றவர் சட்டப்படி அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினராகவே கணக்கில் வருகிறார். கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கும்போது, அவையில் மாறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். இடம் கிடைக்கும், குரல் குறையும்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்த இடமும் உண்டு. இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் 2019-இலும் 2024-இலும் லீக்கின் நவாஸ் கனி ஏணிச் சின்னத்திலேயே வென்றார். 2024-இல் அவர் தோற்கடித்தவர்களில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வமும் ஒருவர். நம்மவர்கள் ஓரளவு சேர்ந்து வாழும் தொகுதி, கூட்டணியின் முழு ஓட்டு, இரண்டும் கூடியதால் ஏணி ஏறியது. கேரளத்தில் லீக்கின் பலமும் இப்படித்தான். அங்கே மலப்புரம் பக்கம் மக்கள் குவிந்து வாழ்கிறார்கள். 1967-இல் இ.எம்.எஸ். தலைமையிலான ஆட்சியில் பங்கேற்று, 1969-இல் மலப்புரம் தனி மாவட்டமாவதை லீக் கண்டது. அந்த மாவட்டம் இன்றும் இருக்கிறது. சிதறி வாழும் நமக்கு அந்த வழி திறக்காது.

பிளவு என்ன செய்யும் என்பதற்கு நாகப்பட்டினம் ஓர் எடுத்துக்காட்டு. 2016 தேர்தலில் மனிதநேய மக்கள் கட்சி தி.மு.க. அணியில் அங்கே நின்றது. எதிரே அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றவர், முந்தைய ஆண்டு வரை அதே மனிதநேய மக்கள் கட்சியில் இருந்த தமீமுன் அன்சாரி. நாகூர் தர்கா இருக்கும் தொகுதியில் நம்மவர் இருவர், இரு பெரும் கட்சிகளுக்காக எதிரெதிரே நின்றார்கள். யார் வென்றாலும் ஒரு முஸ்லிம் உறுப்பினர் வருவார் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் கேட்கும் கை இரண்டாகப் பிரிந்த பிறகு, கொடுக்கும் கைக்கு அவசரம் இருக்காது.

கடல் தாண்டி

இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சி என்ற இரண்டுக்கும் நடுவே எழுந்தது எம்.எச்.எம். அஷ்ரஃபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ். அங்கே விகிதாசாரத் தேர்தல் முறை. ஆனால் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு வாங்காத கட்சிக்கு இடமே இல்லை என்று விதி இருந்தது. 1988 அதிபர் தேர்தல் நெருங்கியபோது அஷ்ரஃப் பிரேமதாசாவிடம் கேட்டுப் பெற்றது அமைச்சர் பதவி அல்ல, அந்த 12.5 விழுக்காட்டை 5 விழுக்காடாகக் குறைக்கும் திருத்தம். ஆட்டத்தின் விதியையே சிறியவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். பிறகு வந்த எல்லாச் சிறிய கட்சிகளும் அதில் பயன் பெற்றன.

1994 தேர்தலில் சந்திரிகாவின் மக்கள் கூட்டணிக்கு 105 இடங்கள். 225 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரசின் 7 பேரும் மலையக மக்கள் முன்னணியின் ஒருவரும் சேர்ந்தபோது சரியாக 113. அஷ்ரஃப் துறைமுகங்கள், கப்பல், புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அந்த ஆட்சிக் காலத்தில் எழுந்தது. 2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மறைந்த பிறகு கட்சி பல துண்டுகளானது. ஆளுக்கொரு பெரிய கட்சியின் பக்கம் போனார்கள். பல்கலைக்கழகம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. 1885-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பார்னெல் தலைமையில் 86 அயர்லாந்து உறுப்பினர்கள் இருந்தார்கள். அவைக்குள் ஒன்றாகவே ஓட்டுப் போடுவோம் என்று கையெழுத்திட்டு வந்தவர்கள். இரு பெரும் கட்சிகளுக்கும் நடுவில் முடிவு அவர்கள் கையில் இருந்தது. அடுத்த ஆண்டே பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துத் தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா தோற்றது; ஆனாலும் அதுவரை யாரும் காது கொடுக்காத கோரிக்கை, ஆளும் கட்சியின் கொள்கையாகிவிட்டது. 1890-இல் அவர்கள் பிளந்தார்கள். அந்தப் பலம் திரும்ப வெகு காலம் ஆயிற்று.

நம் நாட்டில்

மலேசியாவில் வெகுகாலம் தராசின் ஒரு தட்டு மிகக் கனமாக இருந்தது. 2004-இல் 219 நாடாளுமன்ற இடங்களில் 198 தேசிய முன்னணிக்கு. அந்தக் காலத்தில் சிறிய சமுதாயங்களுக்குப் பேசும் இடம் அணிக்கு உள்ளேதான் இருந்தது. நமக்கோ அதிலும் ஒரு சிக்கல். மொழியால் இந்தியர், மார்க்கத்தால் முஸ்லிம். ம.இ.கா. ஒரு பக்கம், அம்னோ மறுபக்கம். இரண்டிலும் நாம் ஓரத்தில்தான். அந்த இடைவெளியில் பிறந்ததுதான் கிம்மா எனும் மலேசிய இந்திய முஸ்லிம் காங்கிரஸ். தேசிய முன்னணியில் முழு உறுப்பினராக இடம் கிடைக்காமல், 2010-இல் அம்னோவின் இணை உறுப்பினராக ஆனது. கதவு திறந்தது; ஆனால் கட்சித் தேர்தலில் ஓட்டுரிமை இல்லாத நாற்காலி.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. அது நம் மார்க்கத்தவர் இயக்கம் அல்ல என்றாலும் அதன் வரலாறு நமக்குப் பாடம். கட்சியாகப் பதிவு பெறாத, ஒரு வேட்பாளரும் நிறுத்தாத இயக்கம் அது. 2008 மார்ச் 8 தேர்தலில் இந்தியர் ஓட்டு இடம் மாறியது. தேசிய முன்னணி 222-இல் 140 என்று இறங்கி மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ம.இ.கா. 9 இடத்திலிருந்து 3-க்கு வந்தது. சிலாங்கூர் மாநில ஆட்சியே மாறியது. நம் பூச்சோங் நாடாளுமன்றத் தொகுதியும் அன்று எதிரணிக்குப் போனது.

சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், பி.கே.ஆர். சின்னத்தில் நின்று சாமிவேலுவை வென்றார். 2018-இல் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றபோது அதே தொகுதியில் தோற்றார். ஏணியும் உதயசூரியனும் சொன்ன அதே செய்திதான்.

ஹிண்ட்ராஃபின் அடுத்த கட்டமும் கவனிக்க வேண்டியது. 2013 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், அதன் ஒரு பிரிவு தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்தது. அதன் தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. ஆனால் அதற்குள் இயக்கம் பிரிந்துவிட்டது. அவையில் ஓர் உறுப்பினரும் இல்லை. தேர்தல் முடிந்த பிறகு நினைவூட்டுவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது தராசு சமத்துக்கு வந்திருக்கிறது. 2022 நவம்பர் 19 தேர்தலில் ஆட்சிக்கு வேண்டிய 112 இடம் எந்த அணிக்கும் கிடைக்கவில்லை. வெறும் 30 இடம் பெற்ற தேசிய முன்னணியின் முடிவே ஆட்சியைத் தீர்மானித்தது. ஒரு காலத்தில் மற்றவர்களைக் காக்க வைத்த கூட்டணி, இப்போது சிறிய படிக்கல்லாக நின்று தராசைச் சாய்த்தது.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கம் கட்சி அல்ல, கட்சியாகவும் கூடாது. உறுப்பினர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ஜனாஸா வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒன்றாக உட்காரும் நாம், கொடியால் பிரிய வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வரலாற்றிலிருந்து செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, சேர்ந்து கேட்பது. முடிதிருத்தகம், துணிக்கடை, நகைக்கடை ஆகிய மூன்று தொழில்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி பல ஆண்டுகள் முடக்கப்பட்டிருந்தது. தொழில் சங்கங்கள் ஆட்சி மாறினாலும் அமைச்சர் மாறினாலும் விடாமல் அதே கோரிக்கையோடு போய்க் கதவைத் தட்டின. 2023-இல் அரசாங்கம் அந்த மூன்று துறைகளுக்கும் வழிவிட்டது. கட்சி வைத்துக்கொண்டு கேட்டது அல்ல, விடாமல் கேட்டது. பெர்மிம் போன்ற கூட்டமைப்பும், பிரெஸ்மா போன்ற உணவகச் சங்கமும், நம்மைப் போன்ற வட்டாரச் சங்கங்களும் ஒரே காகிதத்தில் ஒரே கோரிக்கையை எழுதினால் அதற்கு எடை உண்டு. ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு மனு என்று போனால் புகைப்படம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, எந்த அணிக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடாமல் இருப்பது. நிச்சயமாக வரும் வாடிக்கையாளருக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை. வேறு கடைக்குப் போகக்கூடியவர் என்று தெரிந்தால்தான் முதலாளி எழுந்து வருவார்.

மூன்றாவது மிகச் சிறியது. ஆனால் மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன. 2021 டிசம்பரிலிருந்து 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஆனால் எந்தத் தொகுதி என்பதை முடிவு செய்வது மைகார்டில் உள்ள முகவரி. பூச்சோங்கில் வீடு வாங்கி, இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இங்கே வரி கட்டிக்கொண்டு, பினாங்கிலோ ஈப்போவிலோ ஓட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. தேர்தல் அன்று கடையை மூடிவிட்டு அவ்வளவு தூரம் போகவும் முடியாமல், இங்கே கணக்கிலும் வராமல் போகிறோம். சூராவ் நிலத்துக்கும், மையத்துக்கொல்லைக்கும், தமிழ்ப் பள்ளிக்கும், கடை உரிமத்துக்கும் நாம் போய்ப் பார்ப்பது இந்த வட்டாரத்துச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைத்தான். அவர்களுடைய பட்டியலில் நம் பெயர் இல்லாவிட்டால் தட்டில் வைக்க நம்மிடம் கல்லே இல்லை.

ஆகவே பொன்விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள். சந்தாப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகும் நம் செயற்குழு இளைஞர்கள், குடும்பத்தில் 18 வயது தாண்டிய எத்தனை பேரின் மைகார்டில் பூச்சோங் முகவரி இருக்கிறது என்பதையும் கேட்டு, மாற்ற வேண்டியவர்களைத் தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துப் போகட்டும். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அடுத்த தேர்தலுக்குள் அந்த எண்ணிக்கை சங்கத்தின் கையில் இருந்தால், நம்மைப் பார்க்க வருகிறவர்களிடம் நாம் பேசும் விதமே மாறும்.

நம் முன்னோர் செய்த நல்லவற்றை ஏற்று, நம்மை ஒற்றுமையோடு வாழ வைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.